ஏழாம் வகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளைகள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனசைப் பார்த்துக்கொள்வதற்கென்றே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அப்படியொரு வேலை இருந்ததில்லை. பாடம் நடத்துகிறவளேதான் அதையும் பார்த்தாள். பார்க்காமல் விட்டவர்களும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த பெயர்களும் முறைகளும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சில பிள்ளைகளும் சில நாட்களும்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், சூரியநெல்லிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தமிழ் மீடியம் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஏழாம் வகுப்புவரை உள்ள பள்ளி. நான் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் வயல்காட்டு வீட்டில் பிறந்தவள். வாயைத் திறந்தால் "ஏனுங்க, என்னங்க" என்றுதான் வரும். தோட்டத்துக்காரர்களோ திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் மலையேறியவர்கள். முதல் வாரம் நான் பேசியதைக் கேட்டுப் பிள்ளைகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அதனால் வகுப்பில் புத்தகத் தமிழிலேயே பேசுவது என்று வைத்துக்கொண்டேன். குளிரும் பழகிவிட்டது.

நான் போன இரண்டாம் வருஷம், மழை ஓய்ந்த சமயம். காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்த பேச்சியம்மாள் என்ற ஏழாம் வகுப்புப் பெண் அப்படியே சரிந்து விழுந்தாள். கை விரல்கள் மடங்கியிருந்தன. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கம்பவுண்டர் நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், சோகை இருக்கலாம் என்று டானிக் கொடுத்தார். சற்று நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

மறுநாளும் விழுந்தாள். அன்று அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். அதற்கடுத்த நாட்களில் ஏழாம் வகுப்பின் பெண்கள் வரிசையில் ஒருத்தி சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவளும் சாய்வாள் என்றாகிவிட்டது. கடைசியில் ஆறாம் வகுப்புக்கும் பரவியது.

எங்களோடு இருந்த கணக்கு வாத்தியார் இதெல்லாம் நடிப்பு, ரெண்டு போட்டால் எழுந்துவிடுவார்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார். பயந்த பெரியவர்களுக்குக் கோபம் வருவது சுலபம். பிள்ளைகள் நடிக்கவில்லை என்பது அவர்களைத் தூக்கியவர்களுக்குத் தெரியும். அந்த உடம்பின் கனம் நடிப்பில் வராது. பேச்சியம்மாளைக் கம்பவுண்டர் இன்னொரு முறையும் பார்த்துவிட்டு உடம்பில் நோய் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அதை முதலில் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற யோசனைகளுக்குப் போனோம். நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எங்கள் தலைமை ஆசிரியர் அதிகம் பேசாதவர். ஓய்வுபெற இரண்டொரு வருஷம் இருந்தவர். கல்வி அலுவலகத்தில் ஏதோ வேலையாக அவர் மலையிறங்கிப் போகவேண்டியிருந்தது. போகும்போது என்னைக் கூப்பிட்டார். விழுகிற பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள், மற்ற வகுப்புகள் மணியடித்தபடி நடக்கட்டும், அப்புறம் விழுகிறவளையே பார்த்துக்கொண்டிருக்காமல் நிற்கிற பிள்ளைகளின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னபடி பார்த்தேன். நிற்கிற பிள்ளைகள் விழுந்தவளைப் பார்க்கவில்லை. சன்னல் வழியே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கிற காட்டிலிருந்து அந்தப் பாதையில்தான் அம்மாக்கள் ஓடிவருவார்கள். முதுகில் கூடையோடு, இடுப்பில் கட்டிய சாக்கோடு, மூச்சிரைக்க வந்து மகளை மடியில் போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் இருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் முகம் கிடைப்பதே இல்லை. விடியுமுன் காட்டுக்குப் போய், இருட்டும்போது அடுப்பு மூட்டுகிற வாழ்க்கை. அதிலும் ஒரு மகள் அந்த வருஷம், தாய் உயிரோடிருந்தும், அவளை வேறு விதமாக இழந்திருந்தாள். அது எனக்குத் தெரிய இன்னும் சில நாள் ஆயிற்று.

பேச்சிக்கு ஒரு அக்கா இருந்தாள். செல்லக்கனி என்று பெயர். எங்கள் பள்ளியிலேயே படித்தவள். நான் சேர்வதற்கு முன்பே படிப்பை முடித்துவிட்டாள். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோகும் வழியில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. சாந்தன்பாறையில் அப்பன் வீட்டில் பாட்டியோடு இருந்தது. மழை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது பேச்சி வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாளே என்று விட்டிருந்தோம்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. செல்லக்கனிதான் தங்கச்சி மேல் வந்திருக்கிறாள், படித்த வகுப்புக்கே வந்துவிட்டாள், கூடப் படிக்கிற பிள்ளைகளையும் தொட்டுப் பார்க்கிறாள் என்றார்கள். சிலர் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். இதில் எனக்குப் பேய் பயத்தைவிட வேறு பயம் இருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒரு மாதம் வீட்டில் நின்றுவிட்டால் கைக்குழந்தையைப் பார்க்கவோ சமைக்கவோ ஒரு வேலை வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அவள் திரும்பி வரமாட்டாள்.

தலைமை ஆசிரியர் திரும்புவதற்குள் அந்தச் சாயங்காலம் வந்தது. மதியம் தாண்டியதும் மஞ்சு இறங்கி மைதானமே தெரியவில்லை. பேச்சி வகுப்பில் விழுந்து, அலுவலக அறையில் பாயில் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தாள், ஆனால் மூச்சு சீராக இருந்தது. வெளியே உடுக்கைச் சத்தம் கேட்டது. மஞ்சுக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் கோடாங்கி, கையில் வேப்பங்குழை. பின்னால் லயத்துப் பெண்கள், சில ஆண்கள், பேச்சியின் அப்பா. அவர்களை முந்திக்கொண்டு அவளுடைய அம்மா நேரே அறைக்குள் வந்து, பாயருகே மண்டியிட்டு, மகளின் கன்னத்தைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள்.

"கனி, வந்துட்டியாத்தா?"

அந்தக் குரலில் பயமே இல்லை. அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஊரெல்லாம் பேயை விரட்ட வந்திருந்தது. இவள் மட்டும் மகளைப் பார்க்க வந்திருந்தாள்.

கோடாங்கி வாசற்படி ஏறிவிட்டார். கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தார். அவரைவிட நான் வயதில் இளையவள். ஆனாலும் தலைமை ஆசிரியர் என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லாரையும் வெளியே போகச் சொல்லலாம், போய்விடுவார்கள். போகும்போது பேச்சியையும் தூக்கிக்கொண்டு போவார்கள், லயத்தில் வைத்துக் குழையால் அடிப்பார்கள். சரி என்று விட்டுவிட்டால் அந்த அடியை என் கண்முன்னேயே அவள் வாங்குவாள். பேய் என்று ஒன்றும் இல்லை என்று பாடம் நடத்தலாம். நடத்தினால் அந்தத் தாய்க்குத் திரும்பி வந்த மகளை நான் பிடுங்கிக்கொள்கிறேன். கனி இறந்தபோது அவளுக்கு மகள் முகத்தைக்கூட முழுசாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

யோசிக்க அவகாசம் இல்லை. வாசலை மறித்து நின்றேன். புத்தகத் தமிழ் எங்கே போயிற்றோ, சித்தூர்ப் பேச்சு வந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, புள்ள மேல கை வைக்காதீங்க. நீங்க கேக்கப்போறது என்னங்க? யாரு நீன்னு தான கேப்பீங்க? அத அவங்கம்மாவே கேக்கட்டுமுங்க. அதுவரைக்கும் நீங்க செத்த உக்காருங்க."

கூட்டத்தில் ஒரு பெண் நான் பேசிய விதத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். வேறு சிலரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். கோடாங்கி உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கணக்கு வாத்தியாரிடம் எல்லாருக்கும் பாலில்லாத கட்டன்சாயா போடச் சொன்னேன். அவருக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது. உடனே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

நான் அறைக் கதவைச் சாத்தினேன். உள்ளே தாயும் மகளும் நானும்தான். பேச்சி ஒரு பழைய தாவணி போட்டிருந்தாள். அது அவள் அளவுக்குப் பெரியது. அதுவரை நான் அதைக் கவனித்திருந்தும் ஏதோ யாரோ கொடுத்தது என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம், உங்கள் பிள்ளையிடம் நீங்களே கேளுங்கள், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு சன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.

அம்மா மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள். எனக்கு வாயில் ஆயிரம் வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன. அவளுக்குப் பசியாக இருக்கும், பயமாக இருக்கும், அதட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லத் தோன்றியது. அன்று நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான்.

கடைசியில் அம்மா கேட்டாள். "நீ யாருத்தா?"

பேச்சி கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"நான் பேச்சிம்மா. கனி இல்ல."

அம்மாவின் கை நின்றுவிட்டது. மகள் எழுந்து உட்கார்ந்து, குரல் உடையாமல், ரொம்ப நாளாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்ததுபோலச் சொன்னாள்.

"நீ என்னைக் கனின்னு கூப்பிடுதே. அவ தாவணியப் போடச் சொல்லுதே. பரீச்சை முடிஞ்சதும் அத்தான் வீட்டுக்குப் போய் புள்ளையப் பாத்துக்கணும்ங்கே. அங்க போனா நானும் அவள மாதிரி செத்துருவேம்மா."

"அப்ப எங் கனி வரலியா?" என்றாள் அம்மா.

"வரலம்மா."

அந்தப் பதிலைச் சொல்ல அந்தச் சிறு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். என்னால் சொல்லியிருக்க முடியாது. அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். மகள் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லையாம். காரியங்களைப் பார்த்தாள், எட்டாம் நாள் கொழுந்துக்குப் போய்விட்டாள் என்று லயத்துப் பெண்கள் பிறகு சொன்னார்கள். இப்போது அழுகை அடங்குவதுபோல அடங்கித் திரும்பத் திரும்ப வந்தது. பேச்சிதான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சன்னலுக்கு வெளியே மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே நின்றவர்களிடம் தன் மகளுக்கு ஒன்றும் இல்லை, காலையில் சாப்பிடாமல் வந்து விழுந்துவிட்டாள், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றாள். அவ்வளவுதான். கோடாங்கி மிச்சச் சாயாவைக் குடித்துவிட்டு முதல் ஆளாக எழுந்தார். அவருக்கும் ஒரு மகள் எங்கள் ஐந்தாம் வகுப்பில் படித்தாள். வெள்ளிக்கிழமை லயத்தில் செல்லக்கனிக்கு விளக்கு வைத்துப் பொங்கல் வைத்தார்கள். அவரே முன்னின்று நடத்தினார். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். நல்ல பொங்கல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனியின் புருஷன் சாந்தன்பாறையிலிருந்து வந்தான். பேச்சியின் பெற்றோர் அவனை என்னிடம் கூட்டிவந்தார்கள். அவர்களுக்கு அவன் முன்னால் பேச்சைத் தொடங்கத் தெரியவில்லை. குழந்தையைப் பார்க்கப் பேச்சி வருவாள், இரண்டொரு வருஷம் போனால் அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்பது இரண்டு குடும்பத்துக்கும் பேசாமலே முடிவான விஷயம். அவன் மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. பேச்சிக்கு அங்கே வரப் பயமாக இருக்கிறது என்று நான்தான் ஆரம்பித்தேன். அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"டீச்சர், கல்யாணத்துக்குப் பெறவு முதல் திருவிழாவுக்கு பேச்சியத் தோள்ல தூக்கி வச்சு சாமி காட்டுனேன். எனக்கு அவ சின்னப் புள்ளதான். எனக்கும் இந்தப் பேச்சு புடிக்கல. மாமா மனசு நோகும்னு சொல்லாம இருந்தேன்" என்றான்.

பேச்சியின் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தையைத் தோட்டத்துக்கே கொண்டுவருவது என்று அன்றே முடிவாயிற்று. பகலில் தோட்டத்துப் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்கிற கொட்டகையில் விடலாம். வேலை விட்டதும் அம்மாச்சி தூக்கிக்கொள்ளலாம். அவன் அம்மாவுக்கு முதலில் சம்மதமில்லை. பேத்தியைப் பிரிய மனசில்லை. ஆனால் அவருக்கும் உடம்பு முடியவில்லை. அவன் வாராவாரம் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனான்.

பேச்சி பிற்பாடு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஹைஸ்கூலுக்குப் போனாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதித் தேறினாள். தேயிலை ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் விருப்பப்பட்டவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மணமேடையில் புகைக்கு நடுவே ஒருகணம் கண்ணை மூடினாள். நான் பயந்து எழுந்தேவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா மகளை அவள்தான் பள்ளிக்குக் கூட்டிவந்து சேர்த்தாள்.

ஆனால் அந்த வாரத்துக்கு வருகிறேன். பேச்சி எழுந்துவிட்டாள் என்பதால் மற்ற பெண்கள் எழுந்துவிடவில்லை. மறுநாளும் ஒருத்தி விழுந்தாள். முதலில் விழுந்தவளின் கஷ்டம் தீர்ந்தாலும் மற்றவர்களுடையது அவர்களிடமே இருக்கும். இதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். அந்தப் பெண்களுக்கும் செல்லக்கனியைத் தெரியும். சின்ன வயதில் அவள் இடுப்பில் இருந்தவர்கள், அவளிடம் கும்மி கற்றவர்கள். ஒரு நாள் கல்யாணச் சேலையில் பார்த்தார்கள், அடுத்த வருஷம் துணி சுற்றிக் கொண்டுவந்ததைப் பார்த்தார்கள். தங்களுக்கும் சீக்கிரம் கல்யாணம் ஆகும், பிரசவம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். யாரிடம் கேட்பது?

தலைமை ஆசிரியர் திரும்பி வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். மறுநாள் காலை ஏழாம் வகுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பேச்சியிடம் தனியாக, உன் அக்காவைப் பற்றி வகுப்பில் பேசலாமா என்று கேட்டார். அவள், அம்மாவும் வந்து கேட்கலாமா என்று திருப்பிக் கேட்டாள். அவர் தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லி அம்மாவுக்கு அரைநாள் வாங்கிக்கொடுத்தார்.

அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட பெஞ்சில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தலைமை ஆசிரியர் புத்தகம் எதுவும் எடுக்கவில்லை. இந்த வகுப்பில் செல்லக்கனி என்றொரு பெண் படித்தாள், உங்களுக்கெல்லாம் தெரியும், மழைக்காலத்தில் இறந்துபோனாள் என்று தொடங்கினார். அந்தப் பெயரைப் பள்ளிக்குள் ஒரு பெரியவர் சத்தமாகச் சொன்னது அப்போதுதான். சில பிள்ளைகள் உடனே அழுதார்கள். அவர் தடுக்கவில்லை. அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு, அவள் ஆண்டுவிழா நாடகத்தில் ராஜாவாக வேஷம் கட்டி மீசை கழன்று விழுந்ததைச் சொன்னார். விழுந்த மீசையை எடுத்து மந்திரிக்கு ஒட்டிவிட்டு, இனி நீயே ராஜாவாக இரு என்று சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிட்டாளாம்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து நின்று, அந்த மீசை ஆட்டு முடியில் நான் செய்தது, பசைக்குப் பதில் வெல்லப்பாகு தடவினேன், எறும்பு கடித்துத்தான் அவள் பிய்த்துப் போட்டிருப்பாள் என்றாள். தலைமை ஆசிரியரே சிரித்துவிட்டார். பேச்சி சிரித்து, அழுது, மறுபடி சிரித்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கை தூக்கினார்கள். ஒருத்திக்குக் கனியக்கா கற்றுக்கொடுத்த கும்மி ஞாபகம் இருந்தது. இன்னொருத்தி, பிரசவம் என்றால் எல்லாரும் செத்துவிடுவார்களா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத் தலைமை ஆசிரியர் அந்த அம்மாவைப் பார்த்தார். அவள் தான் ஐந்து பெற்றதைச் சொன்னாள், கனிக்கு என்ன ஆயிற்று, சீக்கிரம் ஆஸ்பத்திரி சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நானோ தலைமை ஆசிரியரோ அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

மணியடித்தது. மதிய உப்புமாவுக்குப் பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள். ஏழாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு, கும்மிப் பாட்டைக் கத்திக்கொண்டு, தட்டைத் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்கள். காது கிழியும் சத்தம். நான் போய் அதட்டினேன், வரிசையில் நில்லுங்கள் என்று. ஒருத்தியும் அடங்கவில்லை, ஒருத்தியும் விழவுமில்லை. என் ஆசிரியை வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.